யம்னா நடந்த நடை

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் இந்த மூன்று நாள் காலையில் மஹ்ஜூபை மாடியிலிருந்து தெருவுக்கு இறக்கியாக வேண்டும். பதினேழு படி. ஒரு படி போல இன்னொரு படி இல்லை. சுவரைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் கடல் ஈரத்தில் ஊறிய சுண்ணாம்பு கையோடு வந்துவிடும். சஃபி என்ற இந்தத் துறைமுக ஊரின் பழைய மதிலுக்குள் இந்த வீடுகளைக் கட்டினவர்களுக்கு, தங்களுக்கும் ஒருநாள் வயதாகும் என்ற நினைப்பே இருந்ததில்லை போலும்.

இறக்குகிறவன் அல்லால். தெருக்கோடியில் இருக்கிற வெந்நீர்க் குளியல்கூடத்துக்கு உலை எரிக்கிறவன். மஹ்ஜூபை முதுகில் சாய்த்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவான். பின்னால் யம்னா கைத்தடியும் பையுமாக வருவாள். பையில் ரொட்டி, தண்ணீர், மாற்றுக் கால்சட்டை ஒன்று.

"மெதுவாடா கழுதை. நான் என்ன விறகா?"

"விறகு பேசாது சாச்சா. விறகு எவ்வளவோ தேவலை."

"இடது கால் சுவத்துல இடிக்குது."

"இடிக்கிறது தெரியுதா? அப்ப உணர்ச்சி வந்திருச்சு. மிஷினுக்கு எதுக்குப் போகணும், தினம் ரெண்டு தடவை நானே இடிச்சுச் சரிபண்ணிடறேன்."

மஹ்ஜூபுக்கு எழுபது வயது. துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் கிரேன் ஓட்டினவர். கடலுக்கு மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்கிறவன் கையை அசைக்கிற அசைப்புக்கு இருபது டன் சரக்கைத் தூக்கி, ஒரு தட்டு உடையாமல் கப்பலுக்குள் வைத்தவர். பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் தேநீர்க் கோப்பை இடது கையிலிருந்து நழுவியது. "யம்னா, கோப்பை சூடே இல்லையே" என்றார். கோப்பை சூடாகத்தான் இருந்தது. கை போயிருந்தது. காலும் போயிருந்தது. பக்கவாதம்.

மேட்டுத் தெருவில் ஒரு தர்ம சங்கம் நடத்துகிற நிலையத்தில் நடை மிஷின் ஒன்று இருந்தது. ஊரில் அந்த ஒன்றுதான். கீழே உருளுகிற தளம், இரண்டு பக்கமும் தூண், மேலே ஓர் உத்தரம். உத்தரத்திலிருந்து தொங்குகிற வாரை நெஞ்சிலும் தொடையிலும் மாட்டி, மிஷின் உடம்பின் பாரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். மிச்ச பாரத்தைக் கால் சுமந்தால் போதும். எதிரே திரையில் பனி மூடிய காட்டு வழி ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

"இந்தக் காடு எந்த ஊரும்மா? பார்த்தாலே குளிருது" என்பார் மஹ்ஜூப்.

"தெரியல சாச்சா. கடற்கரை இருக்கு, போடவா? ஒரு பாலம்கூட இருக்கு" என்பாள் பிசியோ பெண் சுகைனா. இருபத்தாறு வயது. மிஷினுக்குப் பக்கத்தில் நின்று பொத்தான் அமுக்குகிறவள்.

"பாலம் எந்த ஊர்ப் பாலம்?"

"அதுவும் தெரியல."

"தெரியாத பாலத்துல என்னை ஏத்தாதே. முப்பத்து நாலு வருஷம் நான் சரக்கைத் தொங்கவிட்டேன். இப்ப என்னையே தொங்கவிட்டாச்சு. சரக்கைக்கூட நான் எங்க போறோம்னு தெரியாம அனுப்பினதில்ல."

அவர் பேச்சு கொஞ்சம் குழறும். பதற்றம் வந்தால் சுத்தமாக நின்றுவிடும். அதனால் சிரிப்பும் கிண்டலுமாகவே பேசிப் பழகிக்கொண்டிருந்தார். உள்ளே என்ன என்று யம்னாவுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வாரத்துக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அது முடிவதற்குள் தடி பிடித்து நடந்துவிடுவார், பின்னேரம் தெருமுனைக் கடைவரை தானே இறங்கிப் போய் நாலு பேரோடு உட்கார்ந்து வருவார் என்பது யம்னாவின் கணக்கு. அதைத் தவிர அவள் வேறு எதையும் கேட்கவில்லை. ஆனால் இடம் நிலைக்க ஒரு நிபந்தனை இருந்தது. இரண்டு நீலக் கால்பட்டைகளும் ஒரு சின்னப் பெட்டியும் கொடுத்தனுப்பினார்கள். கணுக்காலில் பட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டில் தினம் அறுநூறு அடியாவது நடக்க வேண்டும். எந்தக் கால் எப்படி ஊன்றுகிறது என்பதோடு பட்டை அதை எண்ணி வைத்துக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் கொட்டிவிடும். பெட்டி நிலையத்துக்கு அனுப்பிவிடும். தொடர்ந்து இரண்டு வாரம் எண்ணிக்கை குறைந்தால் இடம் அடுத்தவருக்கு. காத்திருக்கிறவர்கள் நாற்பத்து மூன்று பேர்.

மஹ்ஜூப் பட்டையைத் தொடவில்லை.

"கட்டிக்கோயேன். கட்டில்லேருந்து ஜன்னல், ஜன்னல்லேருந்து கட்டில். நான் பிடிச்சுக்கறேன்."

"எத்தனை அடி வரும்?"

"வர்றது வரட்டும்."

"முப்பது வரும். அந்த முப்பதை அந்தப் பொண்ணு மேஜைல உட்கார்ந்து பார்க்கும். டாக்டர் பார்ப்பார். வாசல்ல நாற்காலி போட்டிருக்கிறவன்கூடப் பார்ப்பான். மஹ்ஜூப் இன்னைக்கு முப்பது அடின்னு எழுதி வைப்பாங்க. என் பேருக்கு நேரா முப்பதுன்னு எழுத நான் கை நீட்டணுமா?"

"கையை யாரு கேட்டா? காலைத்தானே கேக்கறாங்க."

"போடி."

இப்படி ஒன்பது நாள் போயிற்று. பெட்டி ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் பூஜ்யம் காட்டியது. பத்தாம் நாள் சுகைனா யம்னாவுக்கு ஃபோன் பண்ணினாள். சின்னம்மா என்கிற முறையில் அவளைக் காலா என்பாள். "காலா, பட்டை கெட்டுப்போச்சா? டாக்டர் கேக்கறார். என்னைத்தான் கேக்கறார்." அந்தப் பெண் குரலில் இருந்த பயம் யம்னாவை அறுத்தது.

யம்னாவுக்கு ஐம்பத்தெட்டு. மத்தி மீனை டின்னில் அடைக்கிற தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருஷமாக வேலை. படகு வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. படகு கரைக்கு வந்ததும் கூடவே வேலை செய்கிற கல்தூம் ஃபோன் பண்ணுவாள். "மீன் வந்தாச்சு, ஓடி வா." அவ்வளவுதான். மற்ற பெண்கள் வரிசையாக நின்று தலை கிள்ளி, குடல் உருவி, மீனை டின்னில் தலைமாற்றி அடுக்குவார்கள். யம்னா தட்டு தூக்குகிறவள். அடுக்கின தட்டை ஆவி அடுப்புக்குக் கொண்டுபோவது, காலித் தட்டைத் திரும்பக் கொண்டுவருவது. தரையெல்லாம் உப்புத் தண்ணீர். ரப்பர் பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி காலுறை போட்டாலும் விரல் மரத்துப்போகும்.

அன்றைக்குக் கல்தூமின் ஃபோன் வந்தபோது மஹ்ஜூப் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பட்டைகள் பெட்டி மேல் கிடந்தன. யம்னா நின்றாள்.

அவளுக்கு அவளுடைய பெரியப்பா மகன் நினைவுக்கு வந்தார். படுத்த படுக்கையாகக் கிடந்தவர். போன வருஷம் அவருக்குப் பதிலாக அவர் மகன் மக்காவுக்குப் போய் ஹஜ் செய்துவிட்டு வந்தான். தன் பேருக்கு இல்லை, வாப்பா பேருக்கு. சுற்றினது மகனுடைய கால், நன்மை வாப்பாவுக்கு. ஊரே வந்து ஆட்டுக்கறியும் கூஸ்கூஸும் சாப்பிட்டுவிட்டு, படுத்திருந்தவர் கையை முத்தமிட்டு "ஹாஜி" என்று கூப்பிட்டது. யாரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. இமாமே வந்து சாப்பிட்டார். அப்படியானால், முடியாத மனிதனுக்காக அறுநூறு அடி நடந்தால் மட்டும் குற்றமாகிவிடுமா?

பட்டைகளை எடுத்துக் காலுறைக்கு மேல் கட்டினாள். கண்ணை மூடி, ஹஜ்ஜுக்குப் போகிறவர் இன்னாருக்காக என்று நிய்யத் வைப்பது போலவே மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்: இறைவா, இது மஹ்ஜூபுடைய நடை. நான் வெறும் கால்.

முதல் நாள் மனதுக்குள் எண்ணிக்கொண்டே நடந்து, அறுநூற்று நாற்பது வந்ததும் தொழிற்சாலைக் கழிப்பறைக்குப் போய்ப் பட்டையை அவிழ்த்துப் பைக்குள் போட்டாள். பேராசை வேண்டாம் என்று நினைத்தாள். ஆனால் தட்டு தூக்குகிறவள் அடியை எண்ணிக்கொண்டா நடக்க முடியும்? அடுத்தடுத்த நாளில் தொள்ளாயிரம் ஆயிற்று. மீன் நிறைய வந்த வாரத்தில் ஆயிரத்து எழுநூறு. ஒருநாள் அவிழ்க்க மறந்து இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது.

பூட்ஸைக் கழற்றித் தண்ணீர் கொட்டும்போது கல்தூம் பார்த்துவிட்டாள். "என்னடீ இது கொலுசு, இந்த வயசுல?"

யம்னா சொன்னாள். கல்தூம் கத்தியை வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "புருஷனுக்காக உழைக்கிறவளைப் பார்த்திருக்கேன். புருஷனாவே நடக்கிறவளை இப்பத்தான் பார்க்கறேன். தாடியும் வச்சுக்கோ, கணக்குச் சரியா இருக்கும்."

"சும்மா இரு. இடம் போயிடும்டீ."

"இடம் இருக்கும். அவர் எங்க இருப்பார்?"

யம்னா திரும்பிக்கொண்டாள். தட்டு காத்திருந்தது.

நிலையத்தில் வேறு கதை நடந்தது. செவ்வாய்க்கிழமை போனதும் சுகைனா வாசலுக்கே ஓடி வந்தாள். "சாச்சா, போன வாரம் எவ்வளவு தெரியுமா? இங்க வர்றவங்கள்ல உங்களை மாதிரி வீட்டுல நடக்கிறவங்க ஒருத்தர் இல்ல. டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன்."

மஹ்ஜூப் யம்னாவைப் பார்த்தார். யம்னா பையைத் திறந்து ரொட்டியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். இப்போது கத்தப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. "ஏதோ, முடிஞ்சதைச் செய்யறேன்" என்றார். அன்று திரும்பும்போது அல்லால் முதுகில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். "உடம்பு சரியில்லையா சாச்சா? திட்டவே இல்லையே" என்று அல்லாலே கேட்டான்.

நாலாவது வாரம் சுகைனா திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "இடது கால் தேறிக்கிட்டு வருது. ஆனா வலது காலைக் கொஞ்சம் இழுக்கிறதா காட்டுது. வலது முட்டியில வலி உண்டா?"

"என் வலது முட்டிக்கு ஒரு கேடும் இல்ல."

"நீங்க சொல்ல மாட்டீங்க. பட்டை சொல்லுதே." முட்டிக்குப் போடுகிற இறுக்க உறை ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். வீட்டுக்கு வந்ததும் மஹ்ஜூப் அதைக் கட்டிலிலிருந்து யம்னா பக்கம் எறிந்தார். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனபோது முட்டி உண்மையிலேயே கொஞ்சம் இதமாக இருந்தது. அவளுக்கு அழுகைதான் வந்தது.

ஆறாவது வாரம், சனிக்கிழமை. கடலிலிருந்து மூடுபனி ஏறி, மேட்டுத் தெருவரைக்கும் மத்தி வாடையும் தொழிற்சாலைப் புகையின் புளிப்பும் கலந்து நின்றது. சுகைனா வாரை மாட்டிக்கொண்டே சொன்னாள். "இன்னைக்கு உங்க பாரத்தை மிஷின் கம்மியாத்தான் வாங்கும் சாச்சா. வேகமும் கூட்டறோம். உங்க வீட்டு எண்ணிக்கையைப் பார்த்து அதுவே சொல்லுது. டாக்டரும் கையெழுத்துப் போட்டுட்டார்."

மஹ்ஜூப் வாயைத் திறந்தார், மூடினார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த யம்னாவுக்கு அது தெரிந்தது. இப்போது எழுந்து உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தாள். போன முறை கொஞ்சம் கூட்டினபோதும் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தாள்.

தளம் உருண்டது. முதல் நாலு அடி வந்தது. பிறகு வலது கால் மட்டும் நடந்தது. இடது கால் பின்னாலேயே போய்விட்டது, அதை இழுத்து முன்னே போடுவதற்குள் தளம் இன்னும் கொஞ்சம் பின்னால் கொண்டுபோனது. மஹ்ஜூபுக்குப் பேச்சு நின்றுவிட்டது. வலது கையை உயர்த்தி முஷ்டியை இறுக்கினார்.

துறைமுகத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த சைகை. முஷ்டி என்றால் நிறுத்து. கீழே நிற்கிறவன் முஷ்டியைக் காட்டினால், எவ்வளவு பெரிய சரக்கானாலும் கிரேன் அந்த இடத்திலேயே நிற்கும். முப்பத்து நாலு வருஷம் அந்த முஷ்டிக்குக் கட்டுப்பட்டவர் அவர்.

சுகைனா என்ன கண்டாள்? கிழவர் உற்சாகமாகிவிட்டார் என்று நினைத்தாள். தன் முஷ்டியையும் உயர்த்திக் காட்டிச் சிரித்தாள். "அப்படித்தான் சாச்சா! இன்னும் ரெண்டு நிமிஷம்."

அவர் முஷ்டியை இன்னும் உயரத் தூக்கினார். அவள் வேகத்தை ஒரு புள்ளி கூட்டினாள்.

யம்னா கண்ணாடியை அறைந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். "நிறுத்து, நிறுத்தும்மா, அது நிறுத்தச் சொல்றது!" சுகைனா சிவப்புப் பொத்தானை அடித்தபோது மஹ்ஜூப் நடந்துகொண்டிருக்கவில்லை. வாரில் சாக்குப் போலத் தொங்கிக்கொண்டிருந்தார். இடது காலணி எங்கோ போய்விட்டிருந்தது. தளத்தில் உரசிப் பெருவிரல் நகம் கிழிந்து ரத்தம். திரையில் பனிக்காடு மட்டும் இன்னும் வந்துகொண்டே இருந்தது.

டாக்டர் பெர்ராதாவின் அறையில் நாலு பேரும் கூடினார்கள். மஹ்ஜூப் சக்கர நாற்காலியில், காலில் கட்டோடு. சுகைனா உட்காரவில்லை. சுவரோடு நின்றாள், முகம் வெளுத்து. டாக்டர் கெட்டவர் இல்லை. களைத்தவர். காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இரண்டாயிரத்து நூறு அடி நடக்கிறவர் இருபது அடியில விழறார். எனக்குப் புரியல. சுகைனா, உனக்குப் புரியுதா?"

"அவளைக் கேக்காதீங்க" என்றாள் யம்னா. "நடந்தது நான்."

எல்லாவற்றையும் சொன்னாள். பூட்ஸ், தட்டு, நிய்யத், பெரியப்பா மகன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அம்மா, ஹஜ் இறைவனுக்குப் போய்ச் சேருது. யார் கால்ல போனாலும் அவன் வாங்கிக்குவான். இது தசைக்குப் போய்ச் சேரணும். உங்க நடை உங்க தசையோட நின்னுடுச்சு. அவருக்கு ஒண்ணும் போகல."

"முடியாத மனுஷன் சார்."

"முடியாதவருக்குத்தானே இந்த இடமே. முடியாதுன்னு எனக்குத் தெரியாம நான் எப்படி வைத்தியம் பண்றது? ஆறு வாரம். அதுல நாலு வாரத்துக்கு மேல அந்த மிஷின் உங்க காலைப் பார்த்து இவருக்கு வேலை சொல்லியிருக்கு. வெளியே நாற்பத்து மூணு பேர் உட்கார்ந்திருக்காங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்?" காகிதத்தைத் தட்டினார். "போகட்டும், இதையும் கேட்டுக்குங்க. இந்தக் காலுக்குச் சொந்தக்காரருக்கு வலது முட்டி தேய்ஞ்சு போயிருக்கு. பாரம் தூக்கக் கூடாது."

யம்னா சிரித்துவிட்டாள். அது சிரிப்பு மாதிரி வரவில்லை.

"எனக்கும் தெரியும்."

சொன்னது மஹ்ஜூப். எல்லோரும் திரும்பினார்கள். ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வைத்தார். "இவ மேல மட்டும் பழி போடாதீங்க. அந்தப் பட்டையில மத்தி வாடை அடிச்சுது. எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணு வாசலுக்கு ஓடிவந்து நல்லா நடக்கிறீங்கன்னுச்சு. பதினாலு மாசமா பாவம்னு சொல்லாத ஆளைப் பார்க்கல நான். வாயை மூடிக்கிட்டேன்."

சுகைனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சொன்னார். "ஒரு வாரம் தர்றேன். ஏழு நாள். பட்டை இவர் கால்ல இருக்கணும், இவரே கட்டணும், இவரே நடக்கணும். அறுநூறு வேண்டாம். ஆறு வந்தாலும் சரி. ஏழு நாள்ல ஒருநாள்கூட பூஜ்யம் இருக்கக் கூடாது. இருந்தா அடுத்தவரைக் கூப்பிட்டுருவேன். அப்புறம் என்கிட்ட வராதீங்க." யம்னாவைப் பார்த்தார். "நீங்க அவர் கையைக்கூடப் பிடிக்காதீங்க."

கையைப் பிடிக்காதே என்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த ஆளுக்குத் தெரியாது. பதினாலு மாதமாக அவருக்குச் சட்டை மாட்டியதும், பருப்புக் கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோனதும், கழிப்பறைக்கு நிறுத்தி வைத்ததும் அவள் கை. இப்போது அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கையால் கணுக்காலில் பட்டை கட்டப் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காலைத் தூக்கி மறு முழங்கால் மேல் போட்டால் கால் வழுக்கி விழும். பட்டை ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் பிரியும்.

"இப்படிச் சுத்து" என்பாள், பொறுக்க முடியாமல்.

"வாயாலயும் பிடிக்காதே."

முதல் நாள் முப்பத்தொன்று. மறுநாள் பத்தொன்பது. பிறகு நாற்பது ஆயிற்று, அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அடுத்த நாள் மழை, கால் விறைத்து எட்டே எட்டில் நின்றது. தடியை எறிந்தார். மிஷினைத் திட்டினார், டாக்டரைத் திட்டினார், வீட்டைக் கட்டினவனைத் திட்டினார், அவளைத் திட்டினார். அவளும் திட்டினாள். கடல் கொந்தளித்துப் படகு போகாத நாட்கள் அவை. வேலை இல்லாமல் இருவரும் ஒரே அறையில், ஈரத் துணிகளுக்கு நடுவே. ஆலிவ் எண்ணெய் ஊற்றின ரொட்டியும் தேநீரும்தான் மூன்று வேளையும். சமைக்க இருவருக்குமே மனம் இல்லை.

ஏழாம் நாள் காலை வெயில் வந்தது. இன்று ஒரு நாள் தாண்டிவிட்டால் போதும். மஹ்ஜூப் எழுந்திருக்கவில்லை. கட்டுப் போட்ட விரல் இரவெல்லாம் குத்தியது என்றார். யம்னா இரண்டு தடவை சொன்னாள், மூன்று தடவை சொன்னாள். பயத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது.

"எழுந்திரிக்க வேண்டாம். உட்கார்ந்தபடியே பட்டையைக் கட்டிக் காலைக் கொஞ்சம் ஆட்டு. அதுவும் எண்ணிக்கும். ஆறு வந்தாப் போதுமே."

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். "மறுபடியுமா?"

"நான் என்ன சொன்னேன்..."

"மறுபடியும் என்னைத் திருடச் சொல்றே." நல்ல கையால் பட்டைகளை எடுத்து வீசினார். ஒன்று சுவரில் பட்டு விழுந்தது. இன்னொன்று கதவடியில் போய்க் கிடந்தது. "போ. போய் நீயே நட. உனக்குத்தான் நல்லா வருதே."

ஃபோன் அடித்தது. கல்தூம். "ஏழு படகு, ஓடி வா. ஆறு நாள் பசி எல்லாருக்கும். நீ வரலேன்னா தட்டை அந்தப் புதுப் பொண்ணுகிட்டக் குடுத்துடுவான் மேஸ்திரி, சொல்லிட்டேன்."

யம்னா கதவடியில் கிடந்த பட்டையைப் பார்த்தாள். குனிந்து எடுத்து அவர் பக்கத்தில் வைக்கலாம். எடுத்து வைத்தால் அதுவும் ஒரு பிடித்துக்கொள்வதுதானே? அதைத் தாண்டிக் காலை வைத்து வெளியே போனாள்.

தொழிற்சாலையில் அன்று மூச்சுவிட நேரமில்லை. மீன் வெள்ளிக்காசு மாதிரி வந்து குவிந்துகொண்டே இருந்தது. கத்திகள், கத்திகள். உப்புத் தண்ணீர் விரல் வெடிப்பில் ஏறி எரிந்தது. ஒவ்வொரு தட்டைத் தூக்கும்போதும், தன் கால் வைக்கிற ஒவ்வொரு அடியும் வீணாகப் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. முன்பெல்லாம் அந்த அடிகளுக்கு ஒரு பெயர் இருந்தது.

"எவ்வளவு வந்திருக்கும் இன்னைக்கு?" என்று கேட்டாள் கல்தூம்.

"பூஜ்யம்."

"யாரு சொன்னா?"

"எனக்குத் தெரியும். பட்டை ஒண்ணு சுவத்துக்கிட்ட, ஒண்ணு கதவுக்கிட்ட. குனிஞ்சா விழுந்துடுவார். விழுந்தா எழுந்திரிக்க மாட்டார். நான் வாயைத் திறக்காம இருந்திருக்கலாம்டீ."

"நீ வாயைத் திறக்காம இருந்தா மத்தி தானே டின்னுக்குள்ள ஏறிப் படுத்துக்கும்." கல்தூம் கிண்டல் பண்ணிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் பங்கிலிருந்து எட்டு மீனை ஒரு பையில் போட்டு அவள் கையில் திணித்தாள். "வீட்டுக்குப் போ. கடைசித் தட்டை நான் தூக்கிக்கறேன். முட்டியைப் பாரு, யானைக்கால் மாதிரி வீங்கியிருக்கு."

பின்னேரத் தொழுகைக்கு அழைக்கிற நேரம் யம்னா வீட்டுக்கு ஏறி வந்தாள். கதவைத் தள்ளக் கையை வைத்தாள். உள்ளே ஏதோ ஒரு சத்தம். துணி கிழிகிற மாதிரி. நின்றாள்.

மறுபடி அதே சத்தம். பிறகு ஒரு கெட்ட வார்த்தை. பிறகு மறுபடி. அவளுக்குப் புரிந்தது. பட்டையை ஒட்டுகிற சத்தம், பிரிகிற சத்தம். சத்தம் கட்டில் பக்கத்திலிருந்து வரவில்லை. கீழே, தரையிலிருந்து, கதவை ஒட்டினாற்போல் வந்தது. எப்படி வந்தார் இங்கே? விழுந்தாரா? இறங்கி உட்கார்ந்தாரா? தரையோடு தேய்த்துக்கொண்டா வந்தார்? எவ்வளவு நேரமாக?

கை கதவை அழுத்தியது. எடுத்துக்கொண்டாள். கை மறுபடி கதவுக்குப் போயிற்று. இரண்டு கையையும் மீன் பையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

பட்டை ஒட்டிற்று. இந்த முறை பிரியவில்லை. வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. மூச்சு மட்டும். அப்புறம் ஏதோ கனமான மரச்சாமான் தரையில் இழுபட்டது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் எழும்புகிறார். அது அவளுடைய துணிப்பெட்டியாகத்தான் இருக்க வேண்டும். அது சாய்ந்தால் மேலே விழும். யம்னா பல்லைக் கடித்தாள். சாயவில்லை.

"ஒண்ணு" என்று கேட்டது உள்ளிருந்து.

தடி ஒரு தட்டு. ஒரு கால். இழுத்து வருகிற இன்னொரு கால்.

"ரெண்டு. மூணு. உன் மண்டையில இடி விழ. நாலு."

யம்னா கதவருகில், தெருவைப் பார்த்த மேல்படியில் மெல்ல உட்கார்ந்தாள். முட்டி மடங்க மறுத்தது, பல்லைக் கடித்து மடக்கினாள். கீழே தெருவில் போன அல்லால் அண்ணாந்து பார்த்து, "என்ன காலா, உள்ள விடமாட்டேங்கிறாரா?" என்று கேட்டான். விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். அவன் புரியாமல் நின்றுவிட்டுப் போனான்.

ஆறு என்று சொன்னபோது அவளுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. போதும், ஆறு வந்தாச்சு, உட்கார்ந்துடு மனுஷா. அவர் உட்காரவில்லை. ஜன்னல்வரை போனார், திரும்பினார். திரும்புகிற இடத்தில் கால் பின்னிக்கொண்டது. சுவரில் ஏதோ மோதியது. அவள் எழுந்தே விட்டாள். தடி மறுபடி தட்டியது. உட்கார்ந்தாள்.

"இருபத்து மூணு. இருபத்து நாலு." மூச்சு இரைத்தது. "இருபத்து... நாலு சொன்னேனா? நாலா, அஞ்சா?"

இருபத்து ஐந்து. வெளியே அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்து ஐந்து என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. மீன் வாடை அடிக்கிற கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மஹ்ஜூப் தன்னையும் தன்னைப் பெற்றவர்களையும் எண்ணத் தெரியாத தலையையும் திட்டினார். தடியைத் தரையில் ஓங்கிக் குத்தினார்.

"எல்லாம் நாசமாப் போக. முதல்லேருந்து."

யம்னா மீன் பையைப் பக்கத்தில் வைத்தாள். காலை நீட்டிக்கொண்டாள்.

"ஒண்ணு."